வீட்டுத் துணிகள்: எத்தனை வைத்துக்கொள்வது?

ஆலயத்தின் ஆண்டு மலரில் படுக்கை விரிப்பையும் குளியல் துண்டையும் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். மலர்க் குழுவினரும் முதலில் அப்படித்தான் கேட்டனர். ஆனால் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்காரும்போது என் வயதொத்தவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதுதான். பிள்ளைகள் திருமணமாகிப் போய்விட்டார்கள், நாலறை வீடு இருவருக்குப் பெரிதாக இருக்கிறது, சின்ன வீட்டுக்கு மாறப் போகிறோம், இவ்வளவு சாமானையும் என்ன செய்வது? நாற்காலி மேசையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. அவற்றை அளந்து பார்த்தால் புது வீட்டில் இடம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். துணிக்கு அப்படி இல்லை. மடித்தால் மடங்கும், அழுத்தினால் அடங்கும். அதனால்தான் அது சேர்ந்துகொண்டே போகிறது.

நானும் என் துணைவியாரும் 2023ஆம் ஆண்டு எங்கள் பழைய நாலறை வீட்டை விட்டு ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்கு மாறினோம். மூன்று படுக்கையறைகள் இருந்த வீட்டிலிருந்து ஒரே படுக்கையறை உள்ள, ஏறத்தாழ 46 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டுக்கு. மாறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, வீட்டிலுள்ள துணி அனைத்தையும் கூடத்தில் கொண்டுவந்து குவித்தோம். உடுத்தும் உடைகளைச் சேர்க்கவில்லை. தொடக்கப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆதலால் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். படுக்கை விரிப்பு 41, தலையணை உறை 63, போர்வை 19, குளியல் துண்டு 38, கைத்துண்டு 27, மேசை விரிப்பு 11, பொன்னாடை 34. ஆக மொத்தம் 233. வீட்டில் இருப்பவர்களோ இரண்டு பேர்.

என் தாயார் 1956இல் ரஜூலா கப்பலில் இங்கே வந்து இறங்கியபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பவானி ஜமக்காளமும் இரண்டு போர்வைகளும் இருந்தனவாம். நேவல் பேஸ் குடியிருப்பில் நாங்கள் பிள்ளைகள் ஐவரும் அந்த ஒரே ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்துத்தான் வளர்ந்தோம். ஓரத்தில் படுப்பவனுக்குப் போர்வை எட்டாது. அந்த வீட்டிலிருந்து வந்தவனுடைய அலமாரியில் 41 விரிப்புகள். இல்லாமையில் வளர்ந்தவர்கள்தாம் அதிகம் சேர்த்து வைக்கிறார்கள் என்று என் மகள் சொன்னாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாம் நாங்களே வாங்கியவை அல்ல. தீபாவளிக்கு வந்தவை, திருமணங்களுக்குத் திரும்ப முறையாக வந்தவை, ஊருக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த சென்னிமலைப் போர்வைகள், தேக்காவில் மலிவு விற்பனையில் எடுத்தவை என எல்லாம் கலந்திருந்தன.

இனி எத்தனை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு வருவோம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு மூன்று: கட்டிலில் ஒன்று, துவைப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. இது நல்ல கணக்குத்தான். ஆனால் ஏன் மூன்று என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்போது மூன்று போதாது என்பதும் விளங்கும். ஒரு நாளைக்கு எத்தனை தேவைப்படுகிறது என்பதை, துவைத்துக் காய்ந்து மடித்து மீண்டும் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பதால் பெருக்க வேண்டும். அதனுடன் கட்டிலில் உள்ள ஒன்றைக் கூட்ட வேண்டும். வாரம் ஒரு முறை விரிப்பு மாற்றும் வீட்டில், துவைத்தது காய மூன்று நாள் ஆனாலும் அடுத்த வாரத்துக்குள் அது அலமாரிக்கு வந்துவிடும். ஆகவே இரண்டே போதும், மூன்றாவது ஒரு கையிருப்பு. குளியல் துண்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குறைவாகவே போதும். எங்களைப் போல் கழியில் காயப்போடுகிறவர்கள், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக டிசம்பரில், காயும் நாளை இரட்டிப்பாக்கிக் கணக்கிட வேண்டும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மழை இல்லாத நாளில் மேல் மாடிக்காரர் சொட்டச் சொட்டத் துணி காயப்போடுவார். அது வேறு கதை.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

2016ஆம் ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில், சும்மா இருக்க முடியாமல், அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தொடங்கினேன். அப்போதும் மூன்று என்ற கணக்கைத்தான் பிடித்துக்கொண்டேன். புதியவற்றையும் நிறம் மங்காதவற்றையும் வைத்துக்கொண்டு, நைந்த பழைய பருத்தி விரிப்புகளையும் வெளுத்துப்போன வேட்டிகளையும் மூன்று பெரிய பைகளில் கட்டிக் குப்பையில் போட்டேன். துணைவியார் அன்று வேலைக்குப் போயிருந்தார். மாலையில் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தவர், "பழசை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா? அதுதாங்க உடம்பு முடியாதப்ப வேணும்" என்றார். "யாருக்கு உடம்பு முடியவில்லை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் என் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அதன்பின் எழுந்து நடக்கவில்லை. பதினான்கு மாதங்கள் படுத்த படுக்கையாகவே இருந்து 2018 பிப்ரவரியில் தம் 84ஆம் வயதில் சிவபதம் அடைந்தார்.

படுக்கையில் இருப்பவர் உள்ள வீட்டின் துணிக் கணக்கே வேறு. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த தாதி, முழு விரிப்பை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டாம் என்றார். முழு விரிப்பின் மேல் நீர் புகாத ரப்பர் விரிப்பு ஒன்று, அதன் மேல் தோளிலிருந்து முழங்கால் வரை குறுக்காக ஒரு பாதி விரிப்பு. அந்தப் பாதி விரிப்பு நனைந்தால் அதை மட்டும் உருவிவிட்டு மற்றொன்றைப் போடலாம். இரண்டு பேர் இருபுறமும் அதைப் பிடித்துக்கொண்டால் நோயாளியைத் தூக்காமலே மேலே நகர்த்தலாம், ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்படித் திருப்பிவிட வேண்டும் என்றும், விரிப்பில் சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில்தான் படுக்கைப்புண் வரும் என்றும் அவர் சொன்னார். பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டினாலும் கசியத்தான் செய்யும். ஒரு நாளைக்கு மூன்று பாதி விரிப்பாவது மாற்ற வேண்டியிருந்தது. அடைமழைக் காலம், துவைத்தது காய மூன்று நாள். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, கட்டிலில் உள்ளது ஒன்று, ஆகப் பத்து. என்னிடம் இருந்தவை நான்கு.

அந்த நான்கும் புதியவை. பாலியெஸ்டர் கலந்தவை, பளபளவென்று இருக்கும். ஈரத்தை உறிஞ்சாமல் அப்படியே தாயாரின் முதுகின்கீழ் தேக்கி வைத்தன. நான் தூக்கிப் போட்டவையோ இருபது முப்பது ஆண்டுகள் துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி. ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், முதியவர்களின் மெல்லிய தோலை உரசாது. கடைக்குப் போய்ப் புதிய பருத்தி விரிப்பு வாங்கினேன். பசை போகாமல் மொடமொடவென்று இருந்தது. இரண்டாம் வாரம், இரவு பதினொரு மணிக்கு, மாற்றுவதற்கு ஒன்றுகூட இல்லாமல் நான் குளியல் துண்டுகளை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தபோது, தாயார் மெல்லிய குரலில், "என் பழைய சேலை இருக்குமே, அதைப் போடுப்பா" என்றார். அந்தச் சேலைகளும் அந்த மூன்று பைகளுக்குள் போய்விட்டிருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. துவைக்கப் போட்டிருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் அடுத்த வீட்டு மலாய் மாக்சிக் விஷயம் கேள்விப்பட்டு, தம் வீட்டிலிருந்து ஆறு பழைய பருத்தி விரிப்புகளையும் நான்கு பழைய சாரோங்குகளையும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிப்ரவரி பிறந்து வெயில் வரும்வரை அவைதாம் எங்களைக் காப்பாற்றின.

ஆகவே 2023இல் கூடத்தில் 233 துணிகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எதைத் தள்ளுவது என்பதில் நான் துணைவியாரின் பேச்சை முதலில் கேட்டேன்.

அவர் சொன்ன முறை இது. துணியைப் பார்க்காதே, கட்டிலைப் பார். புது வீட்டில் எத்தனை கட்டில், என்ன அளவு? எங்களுக்கு ஒரு குவீன் கட்டில், 152 சென்டிமீட்டர் அகலம். பேரப்பிள்ளைகள் வந்து தங்கினால் தரையில் போட ஒற்றை மெத்தை ஒன்று. இவ்வளவுதான். இந்த ஒரே கேள்வியில் 41 விரிப்புகளில் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டன. மகனின் பழைய சூப்பர் சிங்கிள் கட்டிலுக்கான விரிப்புகள் ஒன்பது இருந்தன. அந்தக் கட்டிலை விற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எலாஸ்டிக் வைத்த விரிப்புகளில் சில, பழைய மெல்லிய மெத்தைக்குத் தைத்தவை. இப்போதைய தடித்த மெத்தையில் ஒரு மூலையை மாட்டினால் எதிர்மூலை கழன்றுவிடும். அளவு எழுதிய சீட்டு இல்லாதவற்றை மெத்தையில் மாட்டிப் பார்த்தே முடிவு செய்தோம். அதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று, முதுகும் போயிற்று. விருந்தினருக்கென்று பத்திரப்படுத்தியிருந்த பூப்போட்ட புதிய விரிப்புகள் நான்கை, உறையே பிரிக்காமல், புதிதாக மணமான ஓர் உறவினர் பிள்ளைக்குக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் கடைசியாக விருந்தினர் இரவு தங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தோம். இருவருக்கும் நினைவில்லை.

துண்டுகளில் பெரிய வாதம் இல்லை. 70க்கு 140 சென்டிமீட்டர் அளவுள்ள தடித்த துண்டு ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். கையால் பிழிய முடியாது, மழைக் காலத்தில் காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டு அரை நாளில் காய்ந்துவிடும். தடித்தவற்றில் பலவற்றை விட்டுவிட்டோம். துணி மென்மையாக இருக்க வேண்டும் என்று துவைக்கும்போது ஊற்றும் திரவத்தைத் துண்டுக்கு மட்டும் ஊற்றாதீர்கள். அது படிந்தால் துண்டு நீரை உறிஞ்சாது.

பொன்னாடைகளைப் பற்றி எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும், எனினும் எழுதுகிறேன். முப்பத்து நான்கு பொன்னாடைகளும் அன்புடன் அணிவிக்கப்பட்டவை. ஆயினும் அவற்றால் போர்த்திக்கொள்ளவும் முடியாது, துடைக்கவும் முடியாது. சரிகை போன்ற இழை உடம்பைக் கீறும். முதன்முதலில் கிடைத்ததையும் பணி ஓய்வு பெற்ற நாளில் மாணவர்கள் அணிவித்ததையும் மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற முப்பத்திரண்டையும் ஒரு பாலர் பள்ளியில் நாடக உடை தைக்க வாங்கிக்கொண்டார்கள். பிறகு, மூன்று சிறுவர்கள் என் பொன்னாடைகளில் அரசர்களாக நின்றதைக் கண்ணாரக் கண்டேன். பொன்னாடைக்குப் பதில் நல்ல பருத்தித் துண்டு போர்த்தலாமே என்று நிர்வாகக் குழுவில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

வேண்டாதவற்றை எங்கே கொடுப்பது? முதலில் ஒரு வேண்டுகோள். நிர்வாகக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து பழைய துணிப் பைகளை ஆலய வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் முன்பு ஆண்டுதோறும் இது நடக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் அப்புறப்படுத்தவும் தொண்டூழியர்கள்தாம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள விரிப்புகளை ஏற்கும் அறநிறுவனங்கள் உண்டு. நைந்த துண்டுகளை நாய், பூனைக் காப்பகங்கள் சில வாங்கிக்கொள்கின்றன. எதற்கும் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது, துவைத்துக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பருத்தியாக இருந்தால் வெட்டித் துடைப்புத் துணியாக்கலாம். பாலியெஸ்டர் அதற்கும் உதவாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 254,000 டன் துணி, தோல் கழிவு சேர்ந்தது. அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 2 விழுக்காடே. மற்றதில் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகிச் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. நான் 2016இல் கட்டிப் போட்ட மூன்று பைகளும் அந்த வழிதான் போயிருக்கும்.

வைத்துக்கொள்வதை எப்படி வைப்பது என்பதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் துணி என்றால் பாச்சை உருண்டை போடாமல் இருக்க மாட்டார்கள். பருத்தி விரிப்புக்கு அது தேவையே இல்லை. அந்துப்பூச்சி தேடுவது கம்பளியையும் பட்டையும்தான். பருத்தியைக் கெடுப்பது ஈரம், பூஞ்சை, கஞ்சிப் பசையைத் தேடி வரும் இராமபாணப் பூச்சி. ஆகவே எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாமல், நன்றாக உலரவிட்டு, காற்றுப் புகும்படி வைத்தாலே போதும். புது வீடுகளில் இரும்புக் கதவு போட்ட புகலிட அறை இருக்கிறதே, பாம் ஷெல்டர் என்போமே, அதற்குள் துணியை அடைத்துக் கதவைச் சாத்தி வைக்காதீர்கள், முடை நாற்றம் எடுக்கும். பாச்சை உருண்டையில் உள்ள நாஃப்தலின், ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நஞ்சு. இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். அந்த உருண்டை போட்டு வைத்த துணியில் படுக்க வைத்தாலே போதும், இது நேரலாம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாட்டைச் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். பாட்டி பெட்டியில் பத்து ஆண்டுகள் காத்து வைத்த சின்னப் போர்வையைப் பேரனுக்குப் போர்த்துகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். என் பேத்திக்கு அக்குறைபாடு உண்டு. மகள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. குவீன் கட்டிலுக்கு 3 விரிப்பு, தரை மெத்தைக்கு 2. தலையணை உறை 16. போர்வை 6. குளியல் துண்டு 10, அதில் நான்கு வந்து போகிறவர்களுக்கு. பூசை அறைக்கும் சேர்த்துக் கைத்துண்டு 6. மேசை விரிப்பு 2, பொன்னாடை 2. கூட்டினால் 47. அதற்கு மேல் ஐந்து இருக்கின்றன.

அவை ஐந்தும் இரட்டைக் கட்டில் அளவுள்ள பழைய பருத்தி விரிப்புகள், 90க்கு 108 அங்குலம். ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் 90க்கு 54 அங்குலப் பாதி விரிப்புகள் பத்து கிடைக்கும். 36 அங்குல ஒற்றைக் கட்டிலில் குறுக்காகப் போட்டால் இருபுறமும் 27 அங்குலம் மெத்தையின்கீழ் செருகலாம். பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்குத் தெரியும். நான் அன்றே வெட்டி ஓரம் தைத்து வைத்துவிடலாம் என்றேன். துணைவியார் ஒப்பவில்லை. "இப்ப எதுக்குங்க வெட்டணும்? வேணும்னா அப்ப வெட்டிக்கலாம்" என்றார். யாருக்கு வேண்டியிருக்கும் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி, எனக்கு இருதயத்தில் ஒரு ஸ்டென்ட்.

அந்த ஐந்தையும் ஒரு துணிப் பையில் போட்டு, மேல் தட்டில், காற்றுப் படும் இடத்தில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு இரு முறை எடுத்து வெயிலில் போட்டு மீண்டும் மடித்து வைக்கிறேன். பையின் மேல் துணைவியார் பேனாவால் "வெட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். தாயாரின் கடைசி மாதங்களில் மாக்சிக் கொடுத்த விரிப்புகளில் ஒன்றும் அதில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.